ஆண்ட்ராய்டு 6 முதல் 16 வரை: தமிழ் எழுத்து வெட்டுப்படாமல் திரை அமைப்பது எப்படி

மதுரை மாட்டுத்தாவணி பூச் சந்தையில் கமிஷன் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்குச் செயலி செய்து கொடுத்திருக்கிறேன். எந்த விவசாயி எத்தனை கிலோ மல்லி கொண்டுவந்தார், என்ன விலைக்குப் போனது, கமிஷனும் கூலியும் போகக் கையில் எவ்வளவு, பாக்கி எவ்வளவு. இவ்வளவுதான் அதன் வேலை. முழுக்கத் தமிழில் இருக்கும்.

2025 ஆகஸ்டில் அதைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. அந்த மாதம் 31-ஆம் தேதி முதல் கூகுள் பிளேயில் ஏற்றும் புதுச் செயலியும் அப்டேட்டும் ஆண்ட்ராய்டு 15-ஐ, அதாவது ஏபிஐ (பதிப்பின் உள் எண்) 35-ஐ, டார்கெட் செய்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. எந்தப் பதிப்பின் நடத்தைக்கு ஏற்பச் செயலி எழுதப்பட்டது என்று ஆண்ட்ராய்டுக்குச் சொல்லும் எண்தான் டார்கெட். கோப்பில் 34 என்று இருந்த அந்த எண்ணை 35 ஆக்கினேன். வேறு ஒரு வரியைக்கூடத் தொடவில்லை.

அடுத்த நாள் விடிகாலை, சந்தை மும்முரமாக இருக்கும் நேரத்தில், ஒரே கடையிலிருந்து இரண்டு அழைப்பு. முதலாளி மகனிடம் இருப்பது புதுப் போன், ஆண்ட்ராய்டு 15. “அண்ணே, மேல கடைப் பேரு மணி காட்டுற இடத்துக்குள்ள போயிருச்சு. பாக்கித் தொகை பாதிதான் தெரியுது” என்றார். கணக்குப்பிள்ளை வைத்திருப்பது ஆண்ட்ராய்டு 8.1. அவர் சொன்னது வேறு: “தம்பி, என் போன்ல ‘பூ’வுக்குக் கீழ்ச்சுழியே இல்ல. ரொம்ப நாளா இப்படித்தான் இருக்கு, நீங்க வேணும்னே வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்.”

அந்த இரண்டாவது பேச்சுதான் என்னை உட்கார வைத்தது. புதுப் போனில் உடைந்தால் உடனே சத்தம் வரும். பழைய போன்காரர் பேசாமல் பழகிக்கொள்வார். அன்று தொடங்கி ஒரு வாரம் இந்த ஒரே வேலையைப் பார்த்தேன். அதில் செய்தவற்றை இங்கே எழுதுகிறேன். தமிழில் செயலி செய்யும் எவருக்கும் இது அப்படியே பொருந்தும்.

முதலில், உயரத்தை யார் சொல்கிறார்கள்?

திரையில் எழுத்தைக் காட்டும் உறுப்பான டெக்ஸ்ட்வியூ, ஒரு வரிக்கு எவ்வளவு உயரம் என்று கேட்பது முதல் எழுத்துருவிடம். பெரும்பாலும் அது ஆண்ட்ராய்டின் வழக்கமான ஆங்கில எழுத்துருவான ரோபோட்டோ. ரோபோட்டோவில் தமிழ் எழுத்தே கிடையாது. தமிழ் வந்தவுடன் ஆண்ட்ராய்டு தன்னிடமுள்ள மற்ற எழுத்துருக்களில் தேடி நோட்டோ சான்ஸ் தமிழை எடுத்து வரைகிறது. ஆக, உயரம் சொன்னது ஒரு எழுத்துரு, வரைவது இன்னொன்று. ஆங்கிலத்துக்குத் தைத்த சட்டைக்குள் தமிழைப் போட்டால் இரண்டு இடத்தில் இடிக்கும். மேலே புள்ளியும் ‘கீ’யின் சுழியும். கீழே ‘பூ’, ‘கூ’, ‘மூ’, ‘ஸ்ரீ’. மேலே வெட்டுப்பட்டால் ‘கி’க்கும் ‘கீ’க்கும் வித்தியாசம் போய்விடும், ‘க்’ வெறும் ‘க’ ஆகிவிடும். கீழே வெட்டுப்பட்டால் ‘பூ’வும் ‘பு’வும் ஒன்று. அழகுக் குறை என்று இதை ஒதுக்க முடியாது, சொல்லே மாறிவிடுகிறது.

இதைச் சமாளிக்க ஆண்ட்ராய்டு ஒரு குறுக்கு வழி வைத்திருந்தது. தமிழ் எழுத்துருவிலேயே இரண்டு வகை: இயல்பான உயரம் கொண்ட நோட்டோ சான்ஸ் தமிழ் ஒன்று, ஆங்கில உயரத்துக்குள் அடங்கும்படி அமுக்கிச் செய்த நோட்டோ சான்ஸ் தமிழ் யூஐ மற்றொன்று. எதை எடுப்பது என்பதை ‘எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட்’ என்ற பண்பு முடிவு செய்கிறது. 2014-இல் ஆண்ட்ராய்டு 5.0-உடன் வந்த பண்பு அது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அப்போது அமுக்கிய எழுத்துதான். பத்து வருடமாக நம் செயலிகளில் நாம் பார்த்துப் பழகிய தமிழ் அதுதான்.

அப்புறம் ஒவ்வொரு பதிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள். ஆண்ட்ராய்டு 9-இல், பல வரி உரைக்கு, உண்மையில் வரையும் எழுத்துருவின் உயரத்தையும் கணக்கில் எடுக்கத் தொடங்கினார்கள். இதன் பெயர் ‘ஃபால்பேக் லைன் ஸ்பேசிங்’. ஆனால் ஒற்றை வரி எளிய உரையை வேறொரு பகுதி அடுக்குகிறது, அதன் பெயர் போரிங்லேஅவுட். அதற்கு இந்தச் சலுகை கிடைத்தது ஆண்ட்ராய்டு 13-இல்தான். அதனால் ஆண்ட்ராய்டு 11 போனில் ஒரே சொல் இரண்டு வரிப் பத்தியில் முழுசாகவும், ஒற்றை வரித் தலைப்பில் தலை வெட்டுப்பட்டும் வரலாம். இதைப் பார்த்து நான் முன்பு ஒரு முழு நாள் குழம்பியிருக்கிறேன். ஆண்ட்ராய்டு 15-இல் இயல்பான உயரமுள்ள எழுத்தே வழக்கமானது என்று மாற்றினார்கள். 16-ஐ டார்கெட் செய்தால் அமுக்கிய எழுத்துக்குத் திரும்ப வழியே இல்லை. அந்தப் பண்பைப் போட்டாலும் கண்டுகொள்ளாது. கூகுளின் ஆவணத்தில் இந்த மாற்றத்துக்குப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட மொழிகளில் தமிழும் ஒன்று.

போனின் பதிப்பு வேறு, டார்கெட் வேறு

இதைப் புரிந்துகொள்ளாமல் எதைத் திருத்தினாலும் வேறிடத்தில் கிழியும். மேலே சொன்ன மாற்றங்கள் எல்லாமே இரண்டு நிபந்தனைகளைக் கேட்கின்றன: போனில் அந்தப் பதிப்பு இருக்க வேண்டும், செயலியும் அந்தப் பதிப்பை டார்கெட் செய்திருக்க வேண்டும். டார்கெட் 34-இல் இருந்தவரை ஆண்ட்ராய்டு 15 போனிலும் என் செயலி பழைய மாதிரியே நடந்துகொண்டது. 35 ஆக்கியவுடன் 15 போனில் மட்டும் மாறியது. 8.1 போனில் எதுவுமே மாறவில்லை. அங்கே இருந்த குறை வேறு, அதை உண்டாக்கியது நான்.

ஒரு வரிசையைப் பிரித்துப் பார்ப்போம்

என் செயலியில் விவசாயிப் பட்டியலில் ஒரு வரிசை இப்படி இருந்தது. உயரம் 56 டிபி (திரையின் அடர்த்திக்கேற்ப அமையும் நீள அலகு) என்று கட்டிவைத்திருந்தேன். முதல் வரி 16 எஸ்பியில் (போனில் வைத்த எழுத்து அளவோடு சேர்ந்து மாறும் அலகு) ‘மல்லிகைப் பூ – 12 கிலோ’. கீழே 14 எஸ்பியில் ‘கூலி போகப் பாக்கி’, வலது ஓரத்தில் தொகை. தொகையும் எழுத்தும் ஒரே மட்டத்தில் நிற்கவில்லை என்று, டெக்ஸ்ட்வியூவில் ‘இன்க்ளூட் ஃபான்ட் பேடிங்’ பண்பை ஃபால்ஸ் என்று வைத்திருந்தேன். அது எழுத்துக்கு மேலும் கீழும் இருக்கும் கூடுதல் இடத்தை நீக்கிவிடும். ஆங்கிலத்தில் கச்சிதமாக உட்காரும்.

இப்போது இரண்டு போனிலும் என்ன நடந்தது என்று பாருங்கள். 8.1-இல் ஃபால்பேக் உயரமும் இல்லை, கூடுதல் இடத்தையும் நான் பிடுங்கிவிட்டேன். அதனால் ரோபோட்டோவின் அளவு முடிகிற இடத்தில் ‘பூ’வின் சுழி வெட்டுப்பட்டது. ஆண்ட்ராய்டு 15-இல் வரி தன் இயல்பான உயரத்துக்கு வளர்ந்தது. ஆனால் வரிசை 56 டிபியைத் தாண்டாது. அதனால் இரண்டாம் வரி வெளியே தள்ளப்பட்டு, பாக்கித் தொகை பாதியில் நின்றது. ஒரே வரிசை, இரண்டு நோய்.

மருந்து இது. அந்த ஃபால்ஸை எடுத்துவிடுங்கள். தொகையையும் எழுத்தையும் ஒரே மட்டத்தில் நிறுத்த அதை நம்பாதீர்கள். உறுப்புகளை ஒன்றோடொன்று கட்டி அடுக்கும் கன்ஸ்ட்ரெயின்ட்லேஅவுட்டில், எழுத்து உட்காரும் அடிக்கோடான பேஸ்லைனோடு பேஸ்லைனைக் கட்டுங்கள். எழுத்துரு எதுவானாலும், உயரம் எவ்வளவானாலும் அடிக்கோடு பிசகாது. வரிசையின் உயரத்தை ‘ரேப் கன்டென்ட்’ (உள்ளே இருப்பதற்கேற்ப நீளும் உயரம்) ஆக்கி, 56-ஐக் குறைந்தபட்ச உயரமாக மட்டும் வையுங்கள். மேலும் கீழும் 8 டிபி பேடிங் (உள் இடைவெளி). பழைய போனில் வரிசை ஏறக்குறைய முன்பு இருந்த உயரத்திலேயே இருக்கும், புதுப் போனில் கொஞ்சம் நீளும். நீளட்டும். பட்டியலில் ஒன்றிரண்டு வரிசை குறைவாகத் தெரிவதை யாரும் குறை சொல்லப்போவதில்லை, தொகை தெரியாவிட்டால்தான் சண்டை.

பிறகு, உங்கள் லேஅவுட் (திரை அமைப்பு) கோப்புகள் எல்லாவற்றிலும் உயரம் எண்ணாகக் கட்டப்பட்ட இடங்களைத் தேடுங்கள். எழுத்து இருக்கிற எதற்கும் உயரத்தை எண்ணாகக் கொடுக்கக் கூடாது. படம், கோடு, ஐகான் இவற்றுக்குக் கொடுக்கலாம். பொத்தான், தாவல், சிப், மேல்பட்டை எல்லாம் எழுத்து தாங்குபவை. என் செயலியில் இப்படி 23 இடம் இருந்தது. உட்கார்ந்து திருத்த அரை நாள் ஆனது.

பழையதைப் புதியதோடு சேருங்கள்

எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட்டை ஃபால்ஸ் ஆக்கி, ஆண்ட்ராய்டு 15-இலும் பழைய அமுக்கிய எழுத்தையே கொண்டுவந்துவிடலாம் என்று முதலில் எனக்கும் தோன்றியது. டார்கெட் 35 வரை அது நடக்கும். 36-க்கு, அதாவது ஆண்ட்ராய்டு 16-க்கு, போனதும் நின்றுவிடும். ஒரு வருடத்தில் அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

அதனால் எதிர்ப்பக்கமாகப் போங்கள். செயலி முழுமைக்கும் தோற்றம் சொல்லும் தீமில் டெக்ஸ்ட்வியூ, பொத்தான், எடிட்டெக்ஸ்ட் (தட்டச்சுப் பெட்டி) மூன்றின் ஸ்டைலிலும் அந்தப் பண்பை ட்ரூ என்று எழுதுங்கள். ஒன்றில் எழுதினால் மற்றதற்குப் போகாது, மூன்றும் தனித்தனி. ஏபிஐ 21 (ஆண்ட்ராய்டு 5.0) முதல் இது வேலை செய்யும். பழைய போன்களில் இது எழுத்தை மட்டும் மாற்றாது, வரியின் மேல் கீழ் அளவையும் தாராளமாக்கிவிடும். ஆங்கில வரிகளும் சேர்ந்து உயரும், அது இதற்கு நாம் கொடுக்கும் விலை. உயரங்களை முன்பே அவிழ்த்துவிட்டதால் எதுவும் முட்டாது. இப்போது கணக்குப்பிள்ளையின் 8.1 போனிலும் முதலாளி மகனின் 15 போனிலும் ஒரே மாதிரி தமிழ் தெரிகிறது.

இதைவிட உறுதியான வழி ஒன்று உண்டு: தமிழ் எழுத்துருவைச் செயலிக்குள்ளேயே வைத்து அனுப்புவது. நோட்டோ சான்ஸ் தமிழ் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது, தாராளமாகச் சேர்க்கலாம். அப்படிச் செய்தால் முதல் எழுத்துருவே தமிழ் எழுத்துரு. உயரத்தைச் சொல்வதும் அதுவே, வரைவதும் அதுவே. பதிப்பு வித்தியாசத்தின் வேரே போய்விடும். போன் நிறுவனங்கள் தங்கள் சொந்த எழுத்துருவைப் போட்டு வைத்திருந்தாலும் நம்மைப் பாதிக்காது. புது வசதிகளைப் பழைய பதிப்புகளுக்கும் தரும் ஆப்கம்பாட் நூலகம் இருந்தால், அங்கேயும் எழுத்துருவை ஃபான்ட் கோப்புறையிலிருந்து எடுக்கும். ஒன்று மட்டும் பாருங்கள்: நீங்கள் எடுத்த கோப்பில் எண்களும் ரூபாய்க் குறியும் இருக்கின்றனவா? இல்லாவிட்டால் அவை மட்டும் வேறு எழுத்துருவில் வந்து ஒட்டாமல் நிற்கும். நாள் முழுக்கப் படிக்கிற செயலி என்றால் இந்த வழியைத்தான் சொல்வேன். என் கணக்குச் செயலிக்கு முதல் வழியே போதுமானதாக இருந்தது.

தட்டச்சுப் பெட்டி

விவசாயி பெயர் எழுதும் பெட்டியில் இன்னொரு தொல்லை. பெட்டி காலியாக இருக்கும்போது ஆங்கில உயரத்தில் இருக்கும். முதல் தமிழ் எழுத்தைத் தட்டியவுடன் வரி உயர்ந்து, கீழே இருக்கும் எல்லாம் ஒரு குதி குதிக்கும். ‘சேமி’ பொத்தானை அழுத்தப் போன விரல் வேறெதையோ அழுத்திவிடும். ஆண்ட்ராய்டு 15-ஐ டார்கெட் செய்த எடிட்டெக்ஸ்ட், மொழிக்கேற்ற குறைந்தபட்ச உயரத்தை முன்பே ஒதுக்கி வைக்கிறது. ஆனால் எந்த மொழி என்று அதற்குத் தெரிய வேண்டும். நம் ஊரில் போன் ஆங்கிலத்திலும் செயலி தமிழிலும் இருப்பது சாதாரணம். எனவே செயலியின் மொழி தமிழ் என்பதை முறையாகப் பதிவு செய்யுங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் செயலிக்குத் தனி மொழி வைக்கும் வசதி அமைப்பிலேயே இருக்கிறது, அதற்கு முந்தைய பதிப்புகளுக்கு ஆப்கம்பாட் அதைச் செய்து தருகிறது. அதோடு, பழைய போன்களுக்காகப் பெட்டிக்குப் போதுமான குறைந்தபட்ச உயரம் கொடுத்துவிடுங்கள். குதிப்பது நின்றுவிடும்.

மேலும் கீழும் உள்ள பட்டைகள்

கடைப் பெயர் மணிக்குள் போன கதை சுருக்கமானது. டார்கெட் 35 என்றால், ஆண்ட்ராய்டு 15 போனில் செயலி திரையின் விளிம்பு முதல் விளிம்பு வரை விரியும்; மேலே மணி காட்டும் ஸ்டேட்டஸ் பாருக்கும் கீழே பொத்தான்கள் இருக்கும் நேவிகேஷன் பாருக்கும் அடியிலும் போகும். 15-இல் வேண்டாம் என்று சொல்ல ஒரு பண்பு உண்டு, 16-ஐ டார்கெட் செய்தால் அதுவும் செல்லாது. இங்கேயும் அதே வழிதான்: ‘எனேபிள் எட்ஜ் டு எட்ஜ்’ அழைப்பை எல்லாப் பதிப்புக்கும் போட்டு, எல்லாப் போனையும் ஒரே நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு இன்செட்ஸ் (அந்தப் பட்டைகள் பிடித்திருக்கும் இடம்) எவ்வளவு என்று கேட்டு, மேல்பட்டைக்கும் பட்டியலின் அடிக்கும் அந்த அளவு பேடிங் சேருங்கள்.

பழைய போன்களில் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். ஆண்ட்ராய்டு 10 வரைக்கும், ஒரு வியூ (திரை உறுப்பு) இன்செட்ஸை ‘எடுத்துக்கொண்டேன்’ என்று சொல்லிவிட்டால் பக்கத்து வியூவுக்கு அது போய்ச் சேராது. மேல்பட்டை சரியாக இருந்து பட்டியல் மட்டும் அடியில் மறைந்தால் காரணம் இதுதான். எடுத்துக்கொள்ளாமல் அப்படியே திருப்பிக் கொடுங்கள். அடுத்து, விசைப்பலகை எழும்போது அதன் உயரம் பழைய பதிப்பில் சரியாகக் கிடைக்க, செயலியின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்டில் ‘அட்ஜஸ்ட் ரீசைஸ்’ இருக்க வேண்டும். மூன்றாவது, ஆண்ட்ராய்டு 6, 7 போன்களில் கீழ்ப்பட்டையின் பொத்தான்களைக் கறுப்பாக்க வழி இல்லை. வெள்ளைப் பின்னணி வைத்தால் வெள்ளைப் பொத்தான்கள் காணாமல் போகும். எட்ஜ் டு எட்ஜ் அழைப்பு தானே அங்கே கறுப்பு மறைப்பு போட்டுவிடும், அதன்மேல் நீங்கள் வண்ணம் பூசாதீர்கள்.

எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர்கள்

சந்தையில் ஐம்பது தாண்டியவர்கள் பலர் எழுத்து அளவைக் கடைசி வரை தள்ளி வைத்திருப்பார்கள். ஆண்ட்ராய்டு 14 முதல் அது 200 சதவீதம் வரை போகும். சின்ன எழுத்து அதிகமாகவும், ஏற்கெனவே பெரிய எழுத்து குறைவாகவும் வளரும். எனவே எஸ்பியைப் பிக்சலாக்க ‘ஸ்கேல்ட் டென்சிட்டி’யால் பெருக்கும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள், கணக்கு தப்பும். இந்தக் கணக்குக்காக ஆண்ட்ராய்டே வைத்திருக்கும் டைப்ட்வேல்யூவின் அப்ளை டைமென்ஷனைக் கேளுங்கள், எல்லாப் பதிப்பிலும் சரியாகச் சொல்லும்.

இங்கே உயரத்தைவிட அகலம் வதைக்கும். கீழ்த் தாவலில் நான் முதலில் ‘பரிவர்த்தனைகள்’ என்று எழுதியிருந்தேன். சின்னத் திரையில் ‘பரிவர்த்…’ என்று நின்றது. எழுத்தைச் சுருக்கிப் பார்த்தேன், படிக்க முடியவில்லை. கடைசியில் கணக்குப்பிள்ளையின் பேரேட்டைப் பார்த்தேன். அவர் ‘வரவு’, ‘பற்று’, ‘பாக்கி’ என்று எழுதியிருந்தார். அதையே போட்டேன். எந்தப் பதிப்பிலும், எந்த எழுத்து அளவிலும் அடங்கியது. லேஅவுட் பிரச்சினை என்று நாம் நினைப்பதில் பாதி சொல் தேர்வில் தீர்ந்துவிடும்.

பதிப்புக்கு ஒரு கோப்புறை

வேல்யூஸ்-வி28 என்று கோப்புறை வைத்தால் ஆண்ட்ராய்டு 9-உம் அதற்கு மேலும் உள்ள போன்கள் அதை எடுக்கும். வசதிதான். ஆனால் அது பார்ப்பது போனின் பதிப்பை மட்டும், உங்கள் டார்கெட்டை அல்ல. அளவுகளுக்கும் ஸ்டைலுக்கும் மட்டும் பயன்படுத்துங்கள். முழு லேஅவுட்டை இரண்டு பிரதி வைக்காதீர்கள். நான் வைத்திருந்தேன். ஒன்றில் கூலிக் கட்டத்தைச் சேர்த்து மற்றதில் விட்டுவிட்டதால், ஒரு கடையில் இரண்டு நாள் கூலி பதிவாகவே இல்லை. முதலாளியிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, பேரேட்டைப் பார்த்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக் கொடுத்தேன். அன்றோடு இரட்டைப் பிரதிகளை அழித்துவிட்டேன்.

எந்தப் போன்களில் சோதிப்பது?

எல்லாப் பதிப்பிலும் சோதிக்கத் தேவையில்லை, நடத்தை மாறும் எல்லைகளின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று போதும். கணினியில் போனைப் போல ஓடும் எமுலேட்டரில் நான் வைத்திருப்பது ஆறு: ஆண்ட்ராய்டு 6, 8.1, 12, 13, 15, 16. ஆண்ட்ராய்டு 6 என் செயலி ஓடும் மிகப் பழைய பதிப்பு. 8.1 ஃபால்பேக் உயரம் வருவதற்கு முந்தையது. 12-க்கும் 13-க்கும் நடுவில் ஒற்றை வரி மாறுகிறது. 15-இல் எழுத்தும் விளிம்பும் மாறுகின்றன, 16-இல் விலக்குகள் போய்விடுகின்றன. ஒவ்வொன்றிலும் எழுத்தை வழக்கமான அளவில் ஒருமுறை, உச்சத்தில் ஒருமுறை.

சோதனைக்கு ‘வணக்கம்’ என்று எழுதிப் பார்க்காதீர்கள். அதில் மேலே இரண்டு புள்ளி உண்டு, கீழே இறங்குகிற எழுத்து ஒன்றுகூட இல்லை. நான் வைத்திருக்கும் சோதனை வரி: ‘ஸ்ரீ கீழ்ப் பூ மூட்டைக் கூலி நூறு’. மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் நெருக்கமாக வரும். இதை ஒற்றை வரியாகவும், இரண்டு வரியாக மடங்கும் இடத்திலும், பொத்தானிலும், தட்டச்சுப் பெட்டியிலும் போட்டுப் படம் பிடியுங்கள். ஆறு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘ஸ்ரீ’யின் தலையையும் ‘பூ’வின் சுழியையும் மட்டும் பாருங்கள். அவை இரண்டும் முழுசாக இருந்தால் நடுவில் இருப்பவை தானாகச் சரியாக இருக்கும்.

எமுலேட்டரில் இருப்பது சுத்தமான ஆண்ட்ராய்டு, கடையில் இருப்பது அப்படி இல்லை. அதனால் வெளியிடுவதற்கு முந்தின நாள் சோதனைப் பதிப்பைக் கணக்குப்பிள்ளையின் போனில் ஏற்றிவிட்டு, மறுநாள் விடிகாலை கடையில் அவர் பக்கத்தில் போய் நிற்கிறேன். கடந்த முறை அவர் பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை தள்ளிப் பார்த்தார். “பூ வந்துருச்சு” என்று சொல்லிவிட்டு, அடுத்த மூட்டையை எடை போடப் போனார்.